நாலு புள்ளி போர்டும் ரங்கூன் நடைபாதையும்

2022 ஆகஸ்ட் மாசம் பெங்களூரு ஒயிட்ஃபீல்டு பக்கம், ஹோப்ஃபார்ம் ஜங்ஷன்ல நிக்கிற ஒரு போர்டைப் படம் எடுத்து ட்விட்டர்ல போட்டு, "இது என்ன சின்னம்?"னு ஒருத்தர் போக்குவரத்துப் போலீஸைக் கேட்டார். சிவப்பு ஓரம் போட்ட வெள்ளை முக்கோணம், உள்ளே நாலு கறுப்புப் புள்ளி. அவ்வளவுதான், ஒரு எழுத்து கிடையாது. பார்த்தவங்க ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. கடைசியில ஒயிட்ஃபீல்டு போக்குவரத்துப் போலீஸ் பதில் போட்டது: இந்தப் பக்கம் பார்வையற்றவர்கள் சாலையில் வரலாம், கவனமா ஓட்டுங்கன்னு எச்சரிக்கிற போர்டு அது, பக்கத்துல பார்வையற்றோர் பள்ளி இருக்கு.

செய்தி எல்லாப் பத்திரிகையிலயும் வந்தது. "அட, எனக்கும் இன்னைக்குத்தான் தெரியும்"னு ஆயிரக்கணக்கான பேர் எழுதினாங்க. எனக்கு உறைச்சது அந்த 'இன்னைக்குத்தான்'. போர்டு நட்டாச்சு, செலவு எழுதியாச்சு, வேலை முடிஞ்சதுன்னு கோப்பையும் மூடியாச்சு. ஆனா அந்த வழியா தினம் வண்டி ஓட்டின ஆளுக்கு அது நாலு புள்ளி மட்டும்தான்.

இது நம்மூர் கூத்து மட்டும்னு நினைக்க வேண்டாம். பிரிட்டன்ல 1960கள் வரைக்கும் பள்ளிக்கூடம் இருக்கிற இடத்துல என்ன சின்னம் வச்சிருந்தாங்க தெரியுமா? எரியிற தீப்பந்தம். அறிவுச் சுடராம்! லாரி ஓட்டிக்கிட்டு வர்றவர் அதைப் பார்த்து 'ஆஹா, கல்விக்கூடம்'னு பிரேக் போடணும். 1965ல ஜாக் கின்னியரும் மார்கரெட் கால்வர்ட்டும் பிரிட்டிஷ் போர்டுகளை மொத்தமா மாத்தி வரைஞ்சப்போதான் தீப்பந்தம் போச்சு. ஒரு பொண்ணு ஒரு சின்னப் பையன் கையைப் பிடிச்சுக்கிட்டு நடக்கிற, நமக்கெல்லாம் தெரிஞ்ச படம் வந்தது. அதுல வர்ற பொண்ணு சின்ன வயசு கால்வர்ட்தான்னு அந்தம்மாவே சொல்லியிருக்காங்க. அந்தப் படத்துக்குக் கீழே தேவைப்பட்ட இடத்துல 'மாற்றுத்திறன் குழந்தைகள்'னு ஒரு பட்டையும் மாட்டுவாங்க. இதுலயாவது சேதி என்னன்னு புரியுது.

அமெரிக்காவுல வேற வழக்கம். தெருவுல காது கேளாத குழந்தை இருந்தா, வீட்டுக்காரங்க நகராட்சிக்கு எழுதிப் போட்டு, 'காது கேளாத குழந்தை இருக்கும் பகுதி'ன்னு மஞ்சள் போர்டு வாங்கலாம். பெத்தவங்க மனசு புரியுது. ஆனா பல ஊர்ப் போக்குவரத்துப் பொறியாளர்கள் இந்தப் போர்டை வைக்கத் தயங்குவாங்க. காரணமும் வெளிப்படையா சொல்றாங்க: இதனால வேகமோ விபத்தோ குறைஞ்சதா நிரூபணம் இல்ல, குழந்தை எங்கே எப்போ வரும்னு போர்டு சொல்றதில்ல, ஓட்டுறவர் என்ன செய்யணும்னும் சொல்றதில்ல. போர்டு இருக்குன்னு பெத்தவங்க கொஞ்சம் அசந்துடுவாங்கன்னு இன்னொரு பயம். இன்னொரு கூத்தும் உண்டு. குழந்தை வளர்ந்து, காலேஜ் முடிச்சு, வேற ஊருக்கே போயிருக்கும். போர்டு மட்டும் துருப்பிடிச்சு அங்கேயே நிக்கும். தினம் அந்த வழியா போறவங்க 'இந்தத் தெருவுல எந்தக் குழந்தையையும் நான் பார்த்ததே இல்லையே'ன்னு போர்டு மேல நம்பிக்கை இழந்துடுவாங்க. அதுக்கப்புறம் நிஜமாவே ஒரு குழந்தை இருக்கிற தெருவுல வச்ச போர்டையும் கண்டுக்க மாட்டாங்க.

ஜெர்மனியில போர்டு சாலையில இல்ல, ஆள் மேல. மஞ்சள் துணியில மூணு கறுப்புப் புள்ளி. கையில கட்டிக்கிறது. பார்வை இல்லாதவங்க கட்டுவாங்க, காது கேளாதவங்களும் கட்டுறது உண்டு. வண்டிக்காரன் பார்த்துப் புரிஞ்சுக்கணும். கிளாஸ்ல கூடப் படிக்கிறவன் கிண்டல் பண்ணாம இருப்பானா, பத்து வயசுப் பிள்ளை அதைக் கட்டிக்குமான்னு யாரும் யோசிச்ச மாதிரி தெரியல.

இதையெல்லாம் நான் ரங்கூன்ல உக்காந்து எழுதுறேன். யாங்கோன்னுதான் இப்போ பேரு. ஆனா இங்கே இருக்கிற தமிழங்க வாயில ரங்கூன்தான் வருது, எனக்கும் அதே ஒட்டிக்கிச்சு. இந்த ஊர்ல காது கேளாத பிள்ளைகளுக்கும் பார்வையற்ற பிள்ளைகளுக்கும் நூறு வருஷமா பள்ளிக்கூடங்கள் இருக்கு. அதுல ரெண்டைப் பத்தி மட்டும் சொல்றேன்.

மேரி சாப்மன்னு ஒரு ஆங்கிலேய அம்மா. 1912ல இலங்கையில காது கேளாத, பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பள்ளி ஆரம்பிச்சவங்க. ரத்மலானையில இன்னைக்கும் அது நடக்குது. அங்கேயிருந்து பர்மா வந்து, 1920ல ரங்கூன்ல காது கேளாதோர் பள்ளியைத் தொடங்கினாங்க. டகோன் பகுதியில அவங்க பேர்லயே இருக்கு. இன்னொருத்தர் வில்லியம் ஹென்றி ஜாக்சன். சின்ன வயசிலேயே பார்வை போனவர். ஆக்ஸ்ஃபோர்டுல படிச்சுப் பாதிரியாராகி, 1917ல ரங்கூன் வந்து, கெமண்டைன்ல, அதாவது இன்னைக்குச் சீமிண்டைங்னு சொல்ற பகுதியில, பார்வையற்றோர் பள்ளியை நடத்தினார். பர்மிய மொழிக்கு பிரெய்ல் எழுத்து அமைச்சவர் அவர்தான். 1931ல இறந்துபோனார். பர்மியர் மாதிரியே தரையில படுத்து, கையால சாப்பிட்டு, செருப்பில்லாம நடந்தவர்னு அவரைப் பத்தி எழுதியிருக்காங்க. துறவுக்காக செருப்பைக் கழட்டினார்னுதான் எல்லாரும் சொல்றாங்க. இருக்கலாம். ஆனா கண் தெரியாத ஒருத்தருக்குப் பாதமும் ஒரு கண்தானே. கல்லு எங்கே முடியுது, மண்ணு எங்கே ஆரம்பிக்குதுன்னு செருப்பு சொல்லாது.

இந்த மாதிரிப் பள்ளிகள் எங்கெங்கே இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க, ஒரு ஒத்துமை தெரியும். ரத்மலானைப் பள்ளி காலி வீதி மேல இருக்கு, கொழும்புலேயே நெரிசலான சாலைகள்ல ஒண்ணு. சென்னையில லிட்டில் ஃபிளவர் பார்வையற்றோர் - காது கேளாதோர் பள்ளி ஜெமினி மேம்பாலத்துப் பக்கத்துல. பெங்களூரு பள்ளி ஒயிட்ஃபீல்டு ஐடி கம்பெனி நெரிசல்ல. ரங்கூன் பள்ளிகளும் இப்போ ஊருக்குள்ளதான். ஆரம்பிச்சப்போ இதெல்லாம் மரமும் காத்தும் மாட்டு வண்டியுமா இருந்த ஓரங்கள். பிள்ளைங்க போய் நெரிசல்ல நிக்கல, நெரிசல்தான் வந்து அவங்க வாசல்ல நின்னுச்சு. பள்ளி எங்கேயும் நகரல, முன்னாடி ஓடுற ரோடுதான் மாறிப்போச்சு.

ரங்கூன் ரோடு வேற எங்கேயும் இல்லாத மாதிரி மாறின ரோடு. பிரிட்டிஷ்காரன் விட்டுட்டுப் போனப்போ நம்மூர் மாதிரி இடது பக்கம்தான் வண்டி ஓடிச்சு. 1970 டிசம்பர் 6ஆம் தேதி ஜெனரல் நே வின் அரசாங்கம் ஒரே நாள்ல வலது பக்கத்துக்கு மாத்திடுச்சு. ஏன் மாத்தினாங்கன்னு ஊர்ல பல கதை. ஜோசியர் சொன்னாருன்னு ஒண்ணு, கனவுல வந்துச்சுன்னு ஒண்ணு. எதுக்கும் ஆதாரம் கிடையாது. அனவ்ரதா வீதியில, 1871ல தமிழங்க கட்டின காளி கோயிலுக்குப் பக்கத்து டீக்கடையில ஒரு பெரியவர்கிட்ட கேட்டேன்.

"ஐயா, பக்கம் மாத்தினப்போ நீங்க இங்கேதானே இருந்தீங்க?"

"இருந்தேனே தம்பி. பள்ளிக்கூடம் போற வயசு. ஒரு வாரத்துக்குக் கண் தெரியாதவன் மாதிரிதான் நடந்தோம். எந்தப் பக்கம் வண்டி வருதுன்னே பிடிபடல. அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தாண்டுவார்."

அப்போ நிஜமாவே கண் தெரியாத பிள்ளைங்க என்ன பண்ணியிருப்பாங்கன்னு நான் கேட்கல. பெரியவர் டீயை ஆத்த ஆரம்பிச்சுட்டார். ஆனா யோசிச்சுப் பாருங்க. பார்வை இல்லாத பிள்ளைக்கு ரோடு கடக்கக் கத்துக் கொடுக்கிறப்போ முதல்ல மண்டையில ஏத்துறது 'முதல் வண்டி எந்தக் காதுப் பக்கம் வரும்'கிறதுதான். இடது பக்கம் ஓடுற ஊர்ல வலது காது. அந்தப் பாடம் ஒரு ராத்திரியில தலைகீழாச்சு. தமிழ்நாட்டுலேர்ந்தோ இலங்கையிலேர்ந்தோ வர்ற நமக்கே இங்கே முதல் மாசம் முழுக்க கழுத்து தப்புப் பக்கம்தான் திரும்பும்.

பக்கம் மாறிச்சே தவிர வண்டிகள் மாறல. ஜப்பான்லேர்ந்து வந்த பழைய வண்டிகள்ல ஸ்டியரிங் வலது பக்கம். ரோட்டுலயும் வலது பக்கம். முன்னாடி போற லாரியை முந்தணும்னா எதிர்ல என்ன வருதுன்னு ஓட்டுறவருக்குத் தெரியாது, பக்கத்து சீட்டுல இருக்கிறவரைக் கேட்டுத்தான் முந்தணும். பேருந்துல கதவு இடது பக்கம், அதாவது நடைபாதைப் பக்கம் இல்ல, நடு ரோட்டுப் பக்கம். இறங்கினா அடுத்த வண்டி முன்னாடி இறங்கணும். கண் நல்லா இருக்கிறவனுக்கே சாகசம். 2017 ஜனவரி 16ல பழைய பேருந்து முறையைக் கலைச்சு ஒய்பிஎஸ்னு புது பஸ் சர்வீஸ் கொண்டுவந்தாங்க. வலது பக்கம் கதவு வச்ச புது பஸ்கள் நிறைய வந்தது. அந்த ஒரு மாத்தம் பல உயிரைக் காப்பாத்தியிருக்கும்னு நான் நம்புறேன். எந்தப் போர்டும் அவ்வளவு செஞ்சிருக்காது.

ஆனா பாருங்க, அதே மாத்தத்துல பழைய பஸ் நடத்துனர்களும் போயிட்டாங்க. படியில தொங்கிக்கிட்டு ஒவ்வொரு நிறுத்தத்தோட பேரையும் மூச்சு விடாம கத்துவாங்களே, அந்த ஆளுங்க. நமக்கு அது இரைச்சல். பார்வை இல்லாத பையனுக்கு அதுதான் பஸ்ஸோட போர்டு. கத்தலை நிறுத்தினவங்க யாரும் இதை நினைச்சிருக்க மாட்டாங்க.

சரி, நடைபாதைக்கு வருவோம். ஊர் நடுவுல இருக்கிற தெருக்கள் 1850கள்ல ஆங்கிலேயர்கள் கட்டம் போட்டு வரைஞ்சது. நேர் கோடு, நேர் குறுக்குக் கோடு. பார்வை இல்லாத ஒருத்தருக்கு இதைவிட நல்ல வரைபடம் அமையாது. எத்தனை முனை தாண்டினோம்னு எண்ணிக்கிட்டே போயிடலாம். இன்னொரு பெரிய வசதி, 2000களின் தொடக்கத்திலேர்ந்து ஊருக்குள்ள மோட்டார் சைக்கிளுக்குத் தடை. சென்னையில நடைபாதை மேலயே பைக் ஏறி வந்து பின்னால ஹாரன் அடிப்பானே, அந்தக் கொடுமை இங்கே இல்ல. இதுக்காகவே ரங்கூனுக்கு ஒரு சலாம் போடலாம்.

கெடுக்கிறது மத்ததெல்லாம். பிளாஸ்டிக் முக்காலி போட்ட டீக்கடை, குன்யான்னு சொல்ற வெத்திலைக் கடை, மொஹிங்கா அடுப்பு. 2016 கடைசியில நடைபாதைக் கடைக்காரங்க பல பேரை ஸ்ட்ராண்டு ரோடு ராத்திரிச் சந்தைக்கு மாத்தினாங்க. கொஞ்சம் கொஞ்சமா பழையபடி ஆகிடுச்சு. கடைக்காரங்களைத் திட்ட எனக்கு மனசு வராது, அதுதான் அவங்க சோறு. அதோட, வெள்ளைப் பிரம்பு பிடிச்சு நடக்கிறவங்களுக்குக் கடை எப்பவும் இடைஞ்சல் மட்டும் இல்ல. அடுப்பு வாசனை, டீக்கடைச் சத்தம் எல்லாம் 'இந்த முனை வந்தாச்சு'ன்னு சொல்ற அடையாளம். முக்காலி நாலு அடி உள்ளே இருந்தா நல்லது, அவ்வளவுதான்.

ஜெனரேட்டர் விஷயம் அப்படி இல்ல. 2021க்கு அப்புறம் இங்கே மின்வெட்டு ரொம்ப மோசம், தினமும் பல மணி நேரம். கரண்ட் போனதும் வரிசையா எல்லாக் கடை வாசல்லயும் ஜெனரேட்டர் உறும ஆரம்பிக்கும். அது நிக்கிற இடம் நடைபாதை. ஒரே சமயத்துல ரெண்டு வேலை செய்யுது. பாதையை அடைக்குது, ரோட்டுக்கு இறங்க வைக்குது. இறங்கினவங்களுக்கு வண்டி வர்ற சத்தத்தையும் மறைச்சுடுது. காதை வச்சு ரோடு கடக்கிற பிள்ளைக்கு, ஜெனரேட்டர் பக்கத்துல நிக்கிறதும் நமக்குக் கண்ணைக் கட்டி விடுறதும் ஒண்ணு. சத்தம் எழுப்புற சிக்னல் வச்சாலும் அதுவும் கரண்ட்லதானே ஓடணும்.

மழையும் இதே மாதிரி. இங்கே மழை சென்னையைப் போல ரெண்டு மடங்கு. ஜூன்ல பிடிச்சா அக்டோபர் வரை விடாது. தகரக் கூரை மேல அடிக்கிற சத்தத்துல எதுவும் கேட்காது. தண்ணி தேங்கினா நடைபாதைக்கு அடியில ஓடுற சாக்கடையோட எந்தப் பலகை உடைஞ்சிருக்கு, எது காணாமப் போயிருக்குன்னு யாருக்கும் தெரியாது. பிரம்புக்கும் தெரியாது, தண்ணியைத் தொட்டா தரை மாதிரிதான் இருக்கும்.

அப்புறம் சத்தமே இல்லாத வண்டிகள். சைக்கான்னு இங்கே சொல்ற, பக்கத்துல ரெண்டு பேர் முதுகோட முதுகு ஒட்டி உக்காந்து போற சைக்கிள் ரிக்‌ஷா எப்பவுமே அப்படித்தான். சில வருஷமா எலக்ட்ரிக் கார்களும் நிறைய வந்திருக்கு. மெதுவா வர்றப்போ சைக்காவும் அதுவும் ஒண்ணு, பக்கத்துல வர்ற வரை தெரியாது. இதுக்காகவே ஐநா 2016ல 138ஆம் எண் விதின்னு ஒண்ணு கொண்டுவந்தது. எலக்ட்ரிக் வண்டி மணிக்கு 20 கிலோமீட்டர் வரைக்கும் போறப்போ செயற்கையா சத்தம் எழுப்பணும். அதுக்கு மேல டயர் சத்தமே போதும்னு கணக்கு. டயர் சத்தம் போதும்னு சொன்னவங்க ஜெனரேட்டர் பக்கத்துல நின்னு பார்த்திருக்க மாட்டாங்க :-)

இதுவரைக்கும் சொன்னது கண். காது கதை வேற, சொல்லப்போனா நேர் எதிர்.

காது கேளாத பிள்ளைக்கு ஜெனரேட்டரும் மழையும் பொருட்டே இல்ல. ஆபத்து அந்தப் பிள்ளையைப் பார்த்தா எதுவும் தெரியாதுங்கிறதுலதான் இருக்கு. கையில பிரம்பு இல்ல, கறுப்புக் கண்ணாடி இல்ல. ஓட்டுறவர் ஹாரன் அடிக்கிறார். அடிச்சதும் அவர் மனசுல வேலை முடிஞ்சது, நகரப் போறான்னு நினைச்சுக்கிட்டு வேகத்தைக் குறைக்காம வர்றார். நம்மூர்ல விபத்து நடந்த இடத்துல முதல்ல கேட்கிற வாக்கியம் எது? "ஹாரன் அடிச்சேன் சார், நகரவே இல்ல." ஹாரன் அடிக்கிறதைப் பிரேக் பிடிக்கிறதுக்குப் பதிலா நினைக்கிற ஊர்ல காது கேளாத பிள்ளைக்குப் பாதுகாப்பே இல்ல. ரங்கூன் ஓட்டுனர்கள் சென்னை அளவுக்கு ஹாரன் அடிக்கிறதில்ல, அதையும் சொல்லிடணும்.

காது கேளாத பிள்ளை நம்புறது கண்ணை. தெரு முனையில ஒட்டி நிறுத்தின கார் அந்தக் கண்ணை மறைச்சுடுது. எட்டு வயசுப் பிள்ளையோட உயரத்துக்கு வேன் ஒரு சுவர். கேட்கிற பிள்ளையா இருந்தா சுவருக்கு அப்பால வண்டி வர்ற சத்தத்தை வச்சு நிப்பான். இவன் எட்டிப் பார்க்க ரோட்டுக்கு வந்தே ஆகணும். ஆபத்தைப் பார்க்கவே ஆபத்துக்குள்ள காலை வைக்கணும்.

இன்னொண்ணு, நான் யோசிக்காதது. ரெண்டு காது கேளாத பிள்ளைங்க பேசிக்கிட்டே நடந்தா எப்படி நடப்பாங்க? நாம முன்னாடி பார்த்துக்கிட்டே பேசலாம். சைகையில பேசுறவங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்தாகணும், கை வீச இடம் வேணும், நடுவுல இடைவெளி வேணும். ஒருத்தர் பின்னால ஒருத்தர் போனா பேச்சு முடிஞ்சது. வாஷிங்டன்ல காது கேளாதோருக்கான காலாடெட் பல்கலைக்கழகத்துல 2005 வாக்குல இதை ஒரு கட்டடக்கலைப் பாடமாவே எடுத்தாங்க. ஹான்சல் பாவ்மன்னு ஒரு கட்டடக்கலைஞர். டெஃப்ஸ்பேஸ்னு பேரு. நடைபாதை ரெண்டு பேர் கை வீசிப் பேசிக்கிட்டுப் போற அகலம் இருக்கணும், முனைகள் மறைவில்லாம இருக்கணும்னு அதுல வரும். ரங்கூன்ல அந்த அகலம் கிடைக்கிற ஒரே இடம் நடு ரோடு. பிள்ளைங்க ரோட்டுல இறங்கி நடக்கிறது குறும்புக்காக இல்ல, பேசுறதுக்காக. மழைக்காலத்துல இன்னும் மோசம். ஒரு கையில குடை, மிச்சம் ஒரு கைதான் பேச. குடை பார்வையையும் பாதி மறைச்சுடும்.

(ரங்கூன் சைகை வேற, மண்டலே சைகை வேற. மண்டலேயில 1964ல அரசுப் பள்ளி வந்தது, ரெண்டு பள்ளியில ரெண்டு மொழி வளர்ந்துடுச்சு. 2007க்கு அப்புறம் ஜப்பான் உதவியோட ஒண்ணாக்கப் பார்த்தாங்க. சாலைப் பாதுகாப்பு பத்தி சைகையில வீடியோ எடுக்க நினைக்கிறவங்க முதல்ல எந்தச் சைகைன்னு கேட்டுக்கணும்.)

அப்போ பார்வை இல்லாத பிள்ளைக்குச் சத்தம் வேணும், காது கேளாத பிள்ளைக்கு வெளிச்சமும் திறந்த முனையும் வேணும். ஒருத்தருக்கு வைக்கிற ஏற்பாடு இன்னொருத்தருக்கு உதவாது. சக்கர நாற்காலிப் பிள்ளையைச் சேர்த்தா இன்னும் சிக்கல். அவங்களுக்காக நடைபாதை ஓரத்தைச் சரிவா ஆக்கினா, 'இங்கே நடைபாதை முடியுது, நில்லு'ன்னு பிரம்புக்குச் சொல்லிக்கிட்டிருந்த அந்தப் படி காணாமப் போயிடும்.

இந்தச் சிக்கலுக்கு நல்ல விடை கண்டுபிடிச்சவர் செய்இச்சி மியாகேன்னு ஒரு ஜப்பான்காரர். 1965ல யோசிச்சது, 1967 மார்ச் 18ல ஒகயாமா ஊர்ல பார்வையற்றோர் பள்ளிக்குப் பக்கத்துத் தெருவுல முதல்முறையா பதிச்சாங்க. நீங்க மெட்ரோ ஸ்டேஷன்ல மிதிச்சிருப்பீங்களே, மஞ்சள் ஓடு, அதுதான். நீளக் கோடு இருந்தா 'இப்படியே போ', உருண்டைப் புள்ளி இருந்தா 'நில்லு, கவனி'. பெங்களூரு போர்டுலயும் புள்ளி, இங்கேயும் புள்ளி. ஒரே ஒரு வித்தியாசம்: அந்தப் புள்ளி வண்டிக்காரரைப் பார்த்துப் பேசுது, இந்தப் புள்ளி பிள்ளையோட காலைப் பார்த்துப் பேசுது. வண்டிக்காரருக்குப் புரியலைன்னாலும் பிள்ளைக்குப் புரியும்.

ஆனா ஓடு பதிக்கிறதும் போர்டு நடுற மாதிரியே ஆகிடலாம். சென்னையில பாருங்க. 2014ல மாநகராட்சி நடக்கிறவங்களுக்கும் சைக்கிளுக்கும்னு கொள்கையே கொண்டுவந்தது, இந்தியாவுலேயே முதல் முறை. 2019ல பாண்டி பஜார் நடைபாதையை அகலமாக்கினாங்க, நடக்கவே சுகமா இருக்கும். ஆனா ஊர்ல பல இடத்துல மஞ்சள் ஓட்டுக் கோடு நேராப் போய் மரத்துல முட்டும், இல்லைன்னா ஈபி பெட்டியில. பதிச்சவருக்கு அது அலங்காரம். அந்தக் கோட்டை நம்பி நடக்கிற பிள்ளைக்கு மூக்கு உடையும். பொய் சொல்ற ஓடு, ஓடே இல்லாததைவிட மோசம்.

பிரிட்டன்ல ஒரு சின்னச் சமாச்சாரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நடைபாதை சிக்னல் பொத்தான் பெட்டிக்கு அடியில, கைக்குத் தட்டுப்படுற மாதிரி ஒரு குட்டிக் கூம்பு. பச்சை விழுந்ததும் அது சுத்தும். விரலை வச்சாத் தெரியும். பார்வையும் கேள்வியும் ரெண்டும் இல்லாதவங்களும் கடந்துடலாம். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தூக்கம் கெடாது. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்துல 1980கள்ல உருவாக்கினது. கூம்பு இருக்குன்னு எந்த விளம்பரமும் இல்ல, தேவைப்படுறவங்களுக்குத் தெரியும்.

இத்தனை ஏற்பாட்டுலயும் எல்லாப் பிள்ளைக்கும் பொதுவா உதவுறது ஒண்ணுதான், வண்டி மெதுவா வர்றது. பிரிட்டிஷ் சாலை விதிப் புத்தகத்துல ஒரு கணக்கு உண்டு. மணிக்கு 32 கிலோமீட்டர்ல வர்ற கார், ஓட்டுறவர் ஆபத்தைப் பார்த்ததுலேர்ந்து நிக்கிறதுக்கு 12 மீட்டர் எடுக்கும். 48ல வந்தா 23 மீட்டர். வேகம் ஒண்ணரை மடங்கு, தூரம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அதுலயும் 48ல வர்றவர் காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோறதுக்குள்ளயே 9 மீட்டர் போயிடுது. இது காய்ஞ்ச ரோட்டுக்கு, நல்ல பிரேக்குக்கு. ரங்கூன் ஜூலை மாசத்துக்கு இல்ல.

எச்சரிக்கை போர்டுல எனக்கு இருக்கிற சண்டையே இதுதான். 'கவனமா ஓட்டு, அப்படிப்பட்ட பிள்ளை வரலாம்'னு அது சொல்லுது. அப்படின்னா ஓட்டுறவர் முதல்ல போர்டைப் பார்க்கணும், புரிஞ்சுக்கணும், எதிர்ல வர்ற அம்பது பிள்ளையில எது காது கேளாததுன்னு கண்டுபிடிக்கணும், அப்புறம் குறைக்கணும். நாலுல ஒண்ணு தவறினாலும் போச்சு. வேகத்தடை அப்படி இல்ல. அதுக்கு யாரையும் அடையாளம் தெரிய வேண்டியதில்ல. பள்ளி முன்னாடி உசத்தின நடைபாதைக் கடப்பு, முனையிலேர்ந்து ரெண்டு கார் நீளத்துக்கு எதையும் நிறுத்த முடியாதபடி கல் தூண், உடைஞ்ச சாக்கடைப் பலகைக்குப் புதுப் பலகை. இதெல்லாம் விஞ்ஞானம்கூட இல்ல, மேஸ்திரி வேலை. மின்சாரமும் வேண்டாம். கரண்ட் போனாலும் வேகத்தடை வேலை செய்யும் :-)

சட்டம் இல்லாம இல்ல. மியன்மார் 2011 டிசம்பர்ல மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐநா உடன்படிக்கையை ஏத்துக்கிச்சு, 2015ல தனிச் சட்டமும் போட்டது. நம்ம இந்தியச் சட்டம் 2016ல. ரெண்டுலயும் அணுகல் வசதி பத்தி அழகா எழுதியிருக்கு. ரெண்டு ஊர்லயும் சாக்கடைப் பலகை அப்படியேதான் இருக்கு. 2021 ஆட்சிக் கவிழ்ப்புக்கு அப்புறம் இங்கே நகராட்சியில போய் 'எங்க தெருவுல ஒரு வேகத்தடை போடுங்க'ன்னு கேட்கிற தைரியம் யாருக்கு வரும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

அதனால நகராட்சி இல்லாம நம்மால முடியிறதை மட்டும் எழுதி வைக்கிறேன். ரங்கூன் வர்றவங்களுக்கும் சரி, ஊர்ல இருக்கிறவங்களுக்கும் சரி.

ரோட்டோரம் ஒரு பிள்ளை ஹாரனுக்குத் திரும்பலைன்னா ரெண்டாவது தடவை அடிக்காதீங்க, நின்னுடுங்க. முகத்தைப் பார்த்து, கண்ணும் கண்ணும் சந்திச்சப்புறம் கையால 'போ'ன்னு காட்டுங்க. அதுவும் பின்னாடி வர்ற வண்டி நின்னுடுச்சான்னு பார்த்துட்டு. நீங்க நிறுத்திப் பின்னாடி வர்றவன் முந்தினா, அந்தப் பிள்ளையை நீங்களே அனுப்பி வச்ச மாதிரி ஆகிடும். ராத்திரின்னா ஹெட்லைட்டைக் கண்ணுல அடிக்காதீங்க, உங்க கை அவங்களுக்குத் தெரியாமப் போயிடும்.

வெள்ளைப் பிரம்போட ஒருத்தர் முனையில நின்னா பிரம்பைப் பிடிச்சு இழுக்கக் கூடாது, தோளைப் பிடிச்சுத் தள்ளவும் கூடாது. பாசத்துல நம்ம ஆளுங்க செய்யிற தப்பு இது. ரோடு கடக்கத்தான் நிக்கிறாரான்னுகூடக் கேட்காம அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுடுவோம், அவர் பஸ்ஸுக்கு நின்னிருப்பார். முதல்ல கேட்கணும். பர்மிய மொழியில "கூஞீ பேயமலா?"ன்னா 'உதவட்டுமா?'ன்னு அர்த்தம். "யடே"ன்னு பதில் வரும். அதுக்கு 'சரி'ன்னும் அர்த்தம், 'பரவாயில்ல, நானே பார்த்துக்கிறேன்'னும் அர்த்தம். அதனால பேச்சை நம்பாம முழங்கையைக் கொஞ்சம் முன்னாடி நீட்டி அவர் கையில லேசாப் படுற மாதிரி நின்னுக்கோங்க. முழங்கையைப் பிடிச்சார்னா அரை அடி முன்னாடி நடங்க, நடைபாதைப் படி வர்றப்போ ஒரு நொடி நின்னு சொல்லுங்க. பிடிக்கலைன்னா விட்டுடுங்க. அவருக்கு அந்த முனை நம்மளைவிட நல்லாத் தெரியும்.